விசையும் ஒரு செய்தியே

புரதத்தின் வடிவமே அதன் செயலைத் தீர்மானிக்கிறது என்பது உயிரியல் மாணவர் மனப்பாடமாக அறிந்த பாடம். அது பிழையன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. அவ்வடிவத்தைக் குலைப்பவை வெப்பமும் அமிலமும் மட்டுமே என்ற எண்ணத்தை அப்பாடம் நம் உள்ளத்தில் விதைத்துவிடுகிறது. இழுத்தல், அழுத்தல் போன்ற விசைகளும் புரதத்தின் வடிவை மாற்றுகின்றன. அம்மாற்றத்தையே உயிர் ஒரு செய்தியாகக் கொள்கிறது. இதனையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உயிரணு தான் பற்றி நிற்கும் தளத்தைத் தன் உள்ளிழைகளுடன் பிணைத்து வைக்கும் புரதங்களுள் ஒன்று டேலின். இழுவிசை பட்டதும் அதன் மடிப்புகள் சில அவிழ்கின்றன. அதுவரை மறைந்திருந்த இடங்கள் வெளிப்படுகின்றன. வின்குலின் என்னும் மற்றொரு புரதம் அங்கே வந்து பற்றிப் பிணைப்பை வலுப்படுத்துகிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது! 2009ஆம் ஆண்டு ஒற்றை மூலக்கூறுகளை இழுத்துப் பார்த்தே இதனை மெய்ப்பித்தனர். இங்குச் செயற்படும் விசையோ பிக்கோ நியூட்டன் அளவினது. அதாவது, ஒரு நியூட்டனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இஃது ஆய்வுக்கூடத்து வியப்பு மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியோர் சிலருக்குக் குடலில் குருதி கசிவதை 1958இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹைட் சுட்டிக்காட்டினார். இதயத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? விடை விசையில் இருந்தது. குருதியை உறையச் செய்ய உதவும் வான் வில்லிபிரான்ட் புரதம் இயல்பாகச் சுருண்டு கிடப்பது. குறுகிய வால்வின் வழியே குருதி பீறிட்டுப் பாயும்போது அப்புரதம் நீட்டப்படுகிறது. சுருளுக்குள் ஒளிந்திருந்த இடம் வெளிப்பட, ஒரு நொதி அதனை அவ்விடத்தில் வெட்டிவிடுகிறது. நீண்ட இழைகள் குறைவதால் உறையும் திறனும் குறைகிறது. வால்வை மாற்றியதும் நீண்ட இழைகள் மீள்கின்றன. பலருக்குக் கசிவும் நின்றுவிடுகிறது.

குடலை மட்டுமே நோக்கியிருந்தால் அந்நோயாளியின் துயருக்கு முடிவேது? வேதியியலை மட்டுமே அறிந்த கண்ணுக்கு இத்தொடர்பு புலப்படாது. அழுத்தத்தை உணரும் பியாசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசு உணர்த்துவதும் இதுவே.

இயற்பியல் ஓர் அறையிலும் உயிரியல் மற்றோர் அறையிலும் கற்பிக்கப்படுவது நமது வசதிக்காக. உயிரணுவுக்குள் அத்தகைய சுவர் ஏதும் இல்லை. வடிவம் செயலைத் தீர்மானிக்கிறது என்று எழுதும் மாணவன், விசை வடிவத்தை மாற்றுகிறது என்ற அடுத்த வரியையும் எழுதட்டும். நாளை அவன் மருத்துவனானால், அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.