கடனும் நம்பகமும்

கடன்பட்டவரை அரசு நம்பலாமா? அமெரிக்காவில் அரச இரகசியங்களைக் கையாளும் உத்தியோகத்தை நாடுவோர் எவரும் தப்பமுடியாத வினா இது. அகதிகளாக வந்தோரின் பிள்ளைகள் குடியுரிமை பெற்று இத்தகைய பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில், இவ்வினா எமது வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

அரசின் அச்சம் ஆதாரமற்றதன்று. சி.ஐ.ஏ. அதிகாரி அல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் சோவியத் உளவுத்துறைக்கு இரகசியங்களை விற்கத் தொடங்கியபோது, கடன் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. 1994இல் அவர் கைதாவதற்கு முன்னரே, அவரால் காட்டிக்கொடுக்கப்பட்ட பலர் கொல்லப்பட்டுவிட்டனர். இடையில், 1989இல், 5,40,000 டொலருக்கு வீடொன்றை அவர் ரொக்கமாக வாங்கியதும் காலத்தில் உறைக்கவில்லை.

2017 யூன் 8 முதல் நடைமுறையிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளுள் 'எஃப்' என்பது பணவிடயம் பற்றியது. இவ்வளவு கடன் இருந்தால் தகுதியில்லை என்று அது தொகை எதனையும் வகுக்கவில்லை. ஒழுங்காகக் கட்டப்படும் வீட்டுக்கடன் குறையாகாது. கட்ட மனமின்மை, தொடர்ந்து தவணை தவறுதல், வரிக்கணக்குச் சமர்ப்பிக்காமை, சூதாட்டம், கணக்குக் காட்டமுடியாத செல்வம் போன்றவை ஐயத்துக்குரியவை. வேலையிழப்பு, நோய், மரணம், மணமுறிவு போன்றவற்றால் கடன்பட்டுப் பொறுப்புடன் நடந்துகொண்டவருக்கும், நேர்மையாக அடைத்து வருபவருக்கும் அந்நெறி இடமளிக்கிறது. ஆயினும் தீராத ஐயம் எதுவும் நாட்டின் பாதுகாப்புக்குச் சார்பாகவே தீர்க்கப்படும்.

இங்கேதான் எமது மக்கள் இடறுகிறார்கள். எமது கடன்கள் பெரும்பாலும் ஆடம்பரத்தால் வந்தவையல்ல. தம்பியை வெளியே எடுக்க ஏஜென்சிக்குக் கொடுத்தது, தங்கையின் சீதனத்துக்கு அனுப்பியது, இடையில் முறிந்த சீட்டு. இவையே எமது கணக்கு. எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்தவை. ஒரு துண்டுக் கடதாசிகூட இராது. கடமையின்பொருட்டுப் பட்ட கடன் என்பதை விசாரணை அதிகாரிக்கு எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?

நாமறிந்த இளைஞர் ஒருவர் மாமனாரின் கடைக்காகப் பிணைக் கையொப்பமிட்டார். கடை மூடப்பட்டது. தாம் ஒரு சதமும் வாங்கவில்லையே என்று அவர் அதனை மறந்தே போனார். ஆனால் விண்ணப்பதாரர்கள் பல்லாண்டுகளாக நிரப்பி வந்துள்ள எஸ்.எஃப்-86 படிவத்தின் 26ஆம் பிரிவு, பிணை நின்ற கடனையும் சேர்த்தே கேட்கிறது. அவர் வெட்கத்தால் எழுதாமல் விட்டார். கடன் பதிவேட்டில் அது இருந்தது. கடனுக்கு விளக்கம் கூறியிருக்கலாம். மறைத்தமைக்கு என்ன விளக்கம் கூறுவது?

வறுமை துரோகத்தின் அறிகுறியன்று. கட்ட வழியற்றவரையும் கட்ட மனமற்றவரையும் பிரித்தறியும் பொறுப்பு அரசினுடையது. ஏட்டிலுள்ள சலுகையை, பற்றுச்சீட்டு வைத்துப் பழகாத சமூகத்தவர் முன்னும் அது மெய்யாக்க வேண்டும்.

எமக்கும் பொறுப்புண்டு. பிள்ளைகளின் பெயரில் கடனட்டை எடுப்பதையும், பாசத்தின் பெயரால் அவர்களிடம் கையொப்பம் கேட்பதையும் பெற்றோர் நிறுத்தவேண்டும். கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதி வையுங்கள். அனுப்பும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். பிள்ளைகளே, கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடன் அடைபடக்கூடியது. பொய்யால் இழந்த நம்பகத்தை மீட்பது அதனினும் அரிது.