கத்தியோடு பாருக்குள் போகாதே, போகவும் விடாதே!

விசைத்தறித் தோழர்களே! பனியன் கம்பெனித் தோழர்களே!

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் மங்கலம் சுற்றுவட்டார டாஸ்மாக் பார்களில் கூட்டம் நெரிகிறது. அதில் சிலர் சட்டைக்கு அடியிலும் வண்டி சீட்டுக்குக் கீழும் கத்தி செருகி வருகிறார்கள். கேட்டால், "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க தோழர்" என்கிறார்கள்.

யாருக்குப் பாதுகாப்பு? பாரில் சண்டை எதற்கெல்லாம் கிளம்பும் என்று நமக்குத் தெரியாதா? கை தட்டிக் கொட்டிய கிளாஸ், இழுத்துப் போட்ட நாற்காலி, "என்னடா முறைக்கிறே?" என்ற ஒரு கேள்வி. வெறுங்கையென்றால் நாலு அடி, கிழிந்த சட்டையோடு போகும். திங்கட்கிழமை இருவரும் ஒரே கம்பெனி வேனில் ஏறுவார்கள். இடுப்பில் கத்தி இருந்தால் ஒருவன் பிணவறைக்கு, இன்னொருவன் ஜெயிலுக்கு. இரண்டு வீட்டிலும் கந்து வட்டிக்காரன் மட்டும் தவறாமல் வருவான்.

2023 செப்டம்பர் 3-ஐ மறக்க முடியுமா? இங்கே பல்லடம் அருகே கள்ளக்கிணற்றில், குடித்துக்கொண்டிருந்தவர்களைத் தட்டிக்கேட்டதற்காக ஒரே குடும்பத்தில் நான்கு பேரை வெட்டிச் சாய்த்தார்கள்.

பணக்காரன் பாரிலும் இதே கதைதான். 1999 ஏப்ரலில் டெல்லியில், நேரமாகிவிட்டது, மது கிடையாது என்று சொன்ன ஜெசிகா லாலைச் சுட்டுக் கொன்றவன் ஒரு முன்னாள் மத்திய அமைச்சரின் மகன். முதலில் விடுதலையானவனுக்கு 2006 டிசம்பரில்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவில், 2009-இல் மது விற்கும் இடங்களுக்குள் துப்பாக்கியை அனுமதித்த டென்னசி மாநிலம்கூட, அதை வைத்திருப்பவன் குடிக்கக் கூடாது என்றுதான் சட்டம் போட்டது. போதையும் ஆயுதமும் சேரக் கூடாதென்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

நம் ஊரில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1959-இன் ஆயுதச் சட்டம் இருக்கிறது. கத்தி, அரிவாள் வாங்குவோரின் பெயரையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளும்படி 2021-இல் காவல்துறை கடைக்காரர்களுக்குச் சொன்னது. ஆனால் பார் வாசலில் கேட்க நாதியில்லை.

கடையே வேண்டாம் என்போர் நம்மில் உண்டு. 2017 ஏப்ரலில் பக்கத்துச் சாமளாபுரத்தில் அதற்காகத்தான் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், போலீஸ் அதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்கினார்கள். அந்தப் போராட்டம் தொடரட்டும். ஆனால் கடை மூடும்வரை கத்தி காத்திருக்காது. ஆகவே தோழர்களே:

வரும் சனிக்கிழமைக்குள் ஒவ்வொரு கிளையும் தன் ஆட்களிடம் நேரில் பேச வேண்டும். கத்தி வைத்திருப்பவன் நம் ஆளானாலும் அவனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பார் ஏலம் எடுத்தவரே வாசலில் சோதனைக்கு ஆள் போட வேண்டும், கேமரா ஓட வேண்டும். சோதனை எல்லாருக்கும் ஒன்றுதான். பீகார், ஒடிசா தொழிலாளியை மட்டும் நிறுத்தித் தடவிப் பார்ப்பதை நாம் ஏற்க மாட்டோம். அவரும் நம் தோழர். நோட்டீஸ் இந்தியிலும் ஒடியாவிலும் அவர் கைக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். ஒரு ஷிப்ட் கூலி போனால் போகட்டும், குடும்பத்தோடு வாருங்கள்! இன்னொரு தோழனுக்கு மாலை வாங்கச் சங்கத்தில் வசூல் செய்ய நாங்கள் தயாரில்லை!