பெட்டை எது என்று தெரிந்த பிறகு குஞ்சு கைமாறட்டும்

புறக்கடையில் வளர்க்கக் கோழிக்குஞ்சு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, இதில் பெட்டை எத்தனை என்பதைத்தான். பாதிக்குப் பாதி இருக்கும் என்பார் விற்கிறவர். அது பொய்யில்லை, ஆனால் எல்லோருக்கும் பலிக்கிற உண்மையும் இல்லை. 500 குஞ்சு இறக்கும் பண்ணைக்காரருக்குக் கிட்டத்தட்ட 250 பெட்டை வந்துவிடும். பத்துக் குஞ்சு வாங்கும் பெண்ணுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒவ்வொரு குஞ்சும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கச் சம வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்துக் குஞ்சு வாங்கும் ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ சேவலாக அமைந்துவிடும். மூன்று பெட்டையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இட்டாலே பெரிது. அதிலும் அடைக்கு வைத்தது போக விற்க மிஞ்சுவது சொற்பம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மூன்று பெட்டையை ஏழு சேவல் மிதித்தால் முதுகு இறகு உதிர்ந்து, தோல் கிழிந்து, முட்டையும் குறையும். மொத்தமாக வாங்குகிறவரை அண்டாத இந்த நட்டம், குறைவாக வாங்கும் ஏழையின் தலையில் மட்டும் விடிகிறது. ஆகவே புறக்கடைக்கென்று விற்கும் குஞ்சுகளையும் அரசுத் திட்டங்களில் கொடுக்கும் குஞ்சுகளையும், ஆண் பெண் தெரியும் வயது வந்த பிறகே, பெட்டை இத்தனை, சேவல் இத்தனை என்று எண்ணிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஊர் ஊராக வழி சொல்கிறார்கள். கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது ஒன்று. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதை அப்படியே தலைகீழாக, நீண்டு கூர்த்த முட்டையில் பெட்டை என்று எழுதிவைத்தார். இரண்டுமே சரியாக இருக்க முடியாது. உண்மையில் இரண்டும் தவறு. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய்க்கோழி. சேவலிடம் இருப்பது ஒரே வகையான இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டையிடம்தான் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டு. மஞ்சள் கரு சூலகத்தை விட்டு இறங்கும்போதே அது எந்தப் பக்கம் என்பது முடிவாகிவிடுகிறது. ஓடு அதற்குப் பின்னர்தான், ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொண்டு, மேலே படிகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் உள்ளே வளரும் உயிருக்கும் சம்பந்தமே இல்லை. பிடரியைப் பிடித்துத் தூக்கி, காலை மடக்கினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல் என்பதும் இதே ரகம்தான். இவை நிலைத்திருப்பதன் காரணம் எளிது: கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்தில் ஐந்து பலிக்கும். பலித்தது ஞாபகத்தில் நிற்கும், பலிக்காதது மறந்துபோகும்.

பிறந்த அன்றே பிரிக்கும் உண்மையான வழிகள் இல்லாமல் இல்லை. குஞ்சின் எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளே தெரியும் சிறு புடைப்பைப் பார்த்துச் சொல்லும் முறையை 1920-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசுயியும் ஹாஷிமோட்டோவும் வகுத்தார்கள். தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள். ஆனால் அந்தக் கை வர நீண்ட பயிற்சி வேண்டும். பழகாதவர் பிதுக்கினால் குஞ்சு செத்துப்போகும். சில கலப்பினங்களில் இறக்கையை விரித்தாலே போதும்: முதல் வரிசை இறகுகள் மேல்வரிசையைவிட நீண்டிருந்தால் பெட்டை, சமமாகவோ குட்டையாகவோ இருந்தால் சேவல். ஆனால் வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் திட்டமிட்டு இணைத்த வம்சத்தில்தான் இது செல்லும். சிறுவிடையும் பெருவிடையும் அசிலும் கடக்நாத்தும் தலைமுறைகளாகக் கலந்து கிடக்கும் நம் புறக்கடைக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். முதல் நாளிலேயே பிரித்துவிட்டால் சேவல் குஞ்சுகளின் கதி என்ன? முட்டைக்கோழித் தொழிலில் அவற்றுக்கு மதிப்பே கிடையாது. தெருவில் கூடையில் வைத்து, பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிப் பிள்ளைகளுக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் அப்படிக் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள்தான். சாயம் வெளுப்பதற்குள் பல செத்துவிடும். முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நாட்டுக்கோழியில் அந்தக் கொடுமைக்குத் தேவையே இல்லை. அதன் சேவலுக்கு நல்ல கறி விலை உண்டு. குலதெய்வக் கோயில் பலி முதல் ஆடிப் படையல் வரை அதற்குத் தேவை இருக்கிறது. எட்டு வாரம் சேர்த்து வளர்த்துப் பிரித்தால், கறிக்கு வளர்ப்பவரிடம் சேவலும் முட்டைக்கு வளர்ப்பவரிடம் பெட்டையும் போய்ச் சேரும்.

எட்டு வாரத்தில் அப்படி என்ன தெரியும்? ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகளில், சேவலுக்குக் கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்கு வெளிறிய மஞ்சளாகவே இருக்கும். கால் எலும்பு சேவலுக்குத் தடிமன். நம்பகமான அடையாளம் இறகுதான். கழுத்திலும் இடுப்பிலும் புதிதாக முளைக்கும் இறகை விரலில் பிடித்துப் பார்த்தால், சேவலுக்கு நுனி ஒடுங்கிக் கூராக, பளபளப்பாக இருக்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக, மங்கலாக இருக்கும். அசில் வகையில் கொண்டை சிறுத்தே இருப்பதால் கொண்டையை நம்பக் கூடாது. இடுப்பு இறகு தெளிவாகும் வரை பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். காலில் முள் இருப்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, அசில் பெட்டைக்கும் முள் வருவதுண்டு.

அனுபவப்பட்ட கிழவிகள் மூன்று வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்களே என்று கேட்கலாம். சொல்கிறார்கள், அந்தத் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் அவர்கள் பார்ப்பது தங்கள் வீட்டுத் தாய்க்கோழியின் ஒரே ஈட்டுக் குஞ்சுகளை. எதற்கு வால் முந்தி முளைக்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று தினமும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். பல இடத்து முட்டைகளைப் பொரித்துக் கலந்த பெட்டியிலிருந்து எடுத்த பத்துக் குஞ்சில் அந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை.

விலை கூடிவிடுமே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கூடத்தான் செய்யும், கூடுதல் வாரங்களுக்கான தீவனமும் பராமரிப்பும் சும்மா வராது. ஆனால் வாங்குகிறவர் இன்று அந்தச் செலவை வேறு வழியில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தேவையில்லாத சேவல்களுக்கும் தீனி போடுகிறார். வெள்ளைக்கழிச்சலில் சாகும் குஞ்சின் நட்டத்தையும் சுமக்கிறார். எட்டாவது வாரத்தையொட்டிப் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் போட்டுக் கொடுத்தால், கூடுதல் விலைக்கு அதுவே பாதி நியாயம்.

ஆதரவற்ற பெண்களுக்குப் பாதி மானியத்தில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தந்த தமிழக அரசுத் திட்டத்தில், குஞ்சுகளுக்கு வயது நான்கு வாரம். செயற்கை வெப்பம் தேவைப்படும் கடினமான பருவத்தை ஏற்கெனவே கடத்திவிட்டுத்தான் கொடுத்தார்கள். இன்னும் நான்கு வாரம் பொறுத்தால் போதும். அதே பணத்துக்கு எண்ணிக்கையைக் குறைத்தாலும் தவறில்லை: 40 கலப்புக் குஞ்சைவிட, 18 பெட்டையும் இரண்டு சேவலும் என்று பிரித்துத் தருவது அந்தப் பெண்ணுக்கு உதவும். கொடுக்கும் சீட்டில் இனம், பொரித்த தேதி, போட்ட தடுப்பூசி ஆகியவற்றோடு பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எண்ணிக்கை தவறினால் ஈட்டுத்தொகையைப் பணமாகவே தரட்டும்; பறவையை மாற்றிக்கொள்வது ஒரு ஊர் நோயை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும்.