குழாயடியும் குப்பைவண்டியும்

மணி ஆறு. ஈரோட்டிலே மஞ்சள் மண்டிகள் கதவு திறக்கவில்லை. ஜவுளிக் கடைக்காரர் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆனால் நகராட்சிக் கோட்ட அலுவலகத்தின் வாசலிலே ஒரு கூட்டம் நிற்கிறது. துடைப்பமும் தட்டுக்கூடையுமாகத் தாய்மார்கள்; தள்ளுவண்டியின் பிடியிலே கைவைத்தபடி ஆடவர்கள். பெயர் கூப்பிடப்படுகிறது. பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றையக் கூலி இல்லை. ஊர் எழுந்து பல் துலக்கும் நேரத்திலே இவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள்.

"முனிசிபாலிடி வேலைதானே!" என்பர் சிலர். மூக்கைச் சுளித்தபடி சொல்வர். நம்முடைய தோழர்களிலேகூட ஓரிருவர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டமன்றம் என்றால் மார்பு விம்முகிறது. நாடாளுமன்றம் என்றால் நடையே மாறுகிறது. நகரமன்றம் என்றால் மட்டும் ஒரு சலிப்பு! நாம் கேட்கிறோம்: ஆலைத் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு ஆட்சி எந்த உருவிலே வந்து நிற்கிறது? குழாயிலே வருகிற தண்ணீராக. எரிகிற அல்லது எரியாத தெருவிளக்காக. குழந்தை பிறந்தால் ஒரு சான்றிதழாக; கிழவர் இறந்தால் இன்னொன்றாக. தொட்டிலுக்கும் சுடுகாட்டுக்கும் கணக்கெழுதும் ஒரே அலுவலகம் அதுதானே!

பெரியாரின் பொதுவாழ்வு எங்கே தொடங்கிற்று என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. 1919 இல் பதவியைத் துறந்து காங்கிரசிலே சேருமுன், அவர் ஈரோடு நகரசபையின் தலைவர். (அதே காலத்தில் சேலம் நகரசபைக்குத் தலைவராக இருந்தவர் ஆச்சாரியார்! இருவருக்கும் நட்பும் அப்போதே.) பிற்காலத்திலே வைதிகக் கோட்டைகளைத் தகர்த்த அந்தக் கை, அன்று காவிரித் தண்ணீரைக் குழாய்வழியே ஊருக்குள் கொண்டுவரும் திட்டத்திலே முனைந்திருந்தது. தண்ணீர் குழாயில் வந்தால் அதன் பொருள் என்ன? இது இன்னாரின் கிணறு, இன்னார் இறங்கக் கூடாது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. குழாய்க்குக் குலம் தெரியாது. ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்ய முடியாததை ஓர் இரும்புக் குழாய் செய்யக் கூடும். குழாய் போடுகிறவர் நேர்மையாளராக இருந்தால்.

ஆண்டுகள் நூறு கடந்துவிட்டன. 2008 இல் ஈரோடு மாநகராட்சி ஆயிற்று. இன்று 60 வார்டுகள், 4 மண்டலங்கள். அன்று ஊர் ஓரத்து ஆற்றிலே எடுத்த தண்ணீர் போதாமல், சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து அதன் தரமும் கெட்டு, பவானிக்கு மேலே ஊராட்சிக்கோட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் போடவேண்டியதாயிற்று. ஊரின் அழுக்கைச் சுமந்து பெரும்பள்ளம் ஓடை காவிரியிலே போய் விழுகிறது. ஆற்றைக் கெடுப்பது ஒரு துறையின் கவனக்குறைவு. தண்ணீருக்காக நெடுந்தூரம் குழாய் பதிப்பது இன்னொரு துறையின் சாதனை! இரண்டுக்கும் பணம் தருபவர் ஒருவரே, வரி செலுத்தும் குடிமகன்.

பெரிய திட்டங்களின் கல்வெட்டிலே அமைச்சர்களின் பெயர்கள் இருக்கும். வால்வு திறப்பவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது. ஆனால் அவர் அரைமணி தாமதித்தால் முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்ணின் குடம் காலி. எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்பது அவர் கைச்சாவியிலே இருக்கிறது. எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் குழாயின் கடைமுனை எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சேரியிலே முடிகிறது. அல்லது தொழிலாளர் குடியிருப்பிலே. குடிநீரில் மிஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது நாட்டின் தரவிதி. அதை மேல்நிலைத் தொட்டியின் அடியிலே சோதித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால் ஆயிற்றா? கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலே சோதிக்க வேண்டாமா? காலராவும் வயிற்றுப்போக்கும் தொட்டியடியிலா வந்து குடியேறும்?

கொசு ஒழிப்பும் இப்படித்தான். புகை வண்டி தெருவிலே போனால் பிள்ளைகள் பின்னாலே ஓடுகிறார்கள். பெரியவர்கள் திருப்தியோடு தலையசைக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதுவும் சாக்கடையில் வளர்வதில்லை. நாம் சேமித்து வைத்த நல்ல தண்ணீரிலே, மூடாத டிரம்மிலே, கொல்லைப்புறத்துப் பழைய டயரிலே வளர்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை வீடுவீடாகப் போய் மூடியைத் திறந்து பார்க்கும் பெண்தான் உண்மையான பாதுகாப்பு. அவருக்குத் தினக்கூலி. மாடிவீட்டு அம்மையார் கதவைத் திறப்பதில்லை. நாயை அவிழ்த்து விடுகிறார்!

இனி அலுவலக மேசைக்கு வருவோம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. இது 1969 ஆம் ஆண்டுச் சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வேலை வரை வயதுச் சான்று அந்த ஒரு தாள்தான் என்று ஆக்கிவிட்டார்கள். படித்தவனுக்கு இது செய்தி. தறி நெய்பவனுக்கு, செங்கல் சூளையிலே பிள்ளை பெற்றவளுக்கு, இது தலைவிதி! ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று நாள் கூலியை இழந்து அலையும் தாயை, வாசல் மரத்தடியிலே இடைத்தரகர் எதிர்கொண்டு அழைக்கிறார். மரத்தடியிலே நம் தோழர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் என்ன?

வரி? அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை. ஓட்டுவீட்டுக்காரர் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார். நான்கு தளம் எழுப்பியவருக்கோ வரிப்புத்தகத்திலே மூன்றாவது தளம் இன்னும் மொட்டைமாடி!

நெஞ்சிலே தைப்பதற்கு வருவோம். துப்புரவுப் பணியாளர் என்றிருந்த பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. நல்ல பெயர், மறுக்கவில்லை. நாமும் பெயரின் மதிப்பை அறிந்தவர்கள்தாம். ஆனால் பெயரை உயர்த்திய காலத்திலேயே நிரந்தரப் பணியிடம் சுருங்கி, ஒப்பந்தக்காரரின் பட்டியல் நீண்டது. அதே தெரு, அதே துடைப்பம், அதே நாற்றம். ஒருவருக்கு ஓய்வூதியம், பக்கத்திலே பெருக்குபவருக்கு வைப்புநிதி பிடிக்கப்பட்டதா, கட்டப்பட்டதா என்பதே தெரியாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் முதன்மை அமைப்பே தரவேண்டும் என்று 1970 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டமும் அந்தப் பொறுப்பை நீக்கவில்லை. இதை அந்தத் தோழியரிடம் சொன்னவர் யார்?

சாக்கடைக் குழியின் கதை இதைவிடக் கொடியது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013 இல் சட்டம் வந்தது. குழியிலே இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014 இல் சொன்னது. 2023 இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறிற்று. குழிக்குள் இறங்குகிறவரின் சாதி மட்டும் மாறவில்லை. நச்சுக்காற்று ஒரே மூச்சிலே சாய்த்துவிடும். தூக்கப் போனவனும் சாய்வான். "அவசரம், சும்மா ஐந்து நிமிடம்" என்று சொல்லி இறக்குபவர் யார்? பல நேரங்களில் படித்த வீட்டுக்காரர்!

நகரமன்றங்களின் காலம் 2016 அக்டோபரிலே முடிந்தது; தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையிலே 5 ஆண்டுக்கு மேலாக, குழாய் வறண்டால் கேட்பதற்கு வார்டிலே ஓர் ஆள் இல்லை. அதன் அருமை அப்போது தெரிந்தது. அந்தத் தேர்தலிலே பாதி இடங்கள் பெண்களுக்கு. 1921 இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த நீதிக்கட்சியின் வழிவந்தோருக்கு அது பூரிப்பான செய்திதான். ஆனால் மன்றத்திலே மனைவி உட்கார, வெளியிலே கணவர் 'கவுன்சிலராக' உலவும் காட்சியை எத்தனை ஊர்களிலே கண்டோம்! நம் கொடியைத் தோளிலே போட்டுக்கொண்டே அப்படி உலவியவர்களும் உண்டு. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

வார்டுக்கு ஒரு தோழர், மாதத்திலே ஒரு நாள், காலை ஆறு மணிக்குக் கோட்ட அலுவலக வாசலிலே நிற்கட்டும். சால்வை வேண்டாம், புகைப்படக்காரர் வேண்டாம். கையுறை கொடுத்தார்களா, போன மாதக் கூலி எந்தத் தேதியிலே வந்தது, வைப்புநிதிக் கணக்கு எண் என்ன என்று கேட்டு ஒரு நோட்டிலே எழுதிக்கொள்ளட்டும். அங்கிருந்து கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போகட்டும். அந்த நோட்டு அடுத்த மன்றக் கூட்டத்திலே நம் உறுப்பினரின் கையிலே, அவர் பெண்ணானால் அவருடைய கையிலேயே, இருக்கட்டும். நுழைவுவாயில் வளைவுக்கான மதிப்பீட்டை அன்று கடைசியாக எடுத்துக்கொள்ளலாம்.