ஜாமீன் கையெழுத்து



சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலை ஒன்றில் நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். "சாமி, நான் நாணயமானவன்னு மேனேஜருக்கு ஒரு கடிதம் தரணும்" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக இத்தகைய நற்சான்றுகள் எத்தனையோ எழுதியவன் நான். இதையும் மனமார எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கடிதம் மடித்தபடியே திரும்பி வந்தது. மேலாளர் மரியாதையோடுதான் பேசினாராம். ஆனால் அவர் பார்த்தது என் சொல்லையன்று, ஓர் எண்ணை.

அந்த எண்ணைத்தான் மக்கள் "சிபில்" என்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயர் அது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்று இத்தகைய நிறுவனங்கள் நான்கு இயங்குகின்றன. வங்கிகள் மட்டுமல்ல, வாரத் தவணை வசூலிக்கும் சிறுகடன் நிறுவனங்களும் நம் கணக்கை அவற்றுக்கு அனுப்புகின்றன. அதைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடப்படுகிறது. 750க்கு மேல் இருந்தால் பொதுவாக நன்று என்பர். கடனே வாங்காதவருக்கு எண்ணே இராது; அது குற்றமன்று.

தச்சர் தம் வாழ்வில் வாங்கியது இருசக்கர வாகனக் கடன் ஒன்றே. அதையும் தவணை தவறாமல் அடைத்துவிட்டார். பிறகு எங்கே பிழை? ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. நம் இளைஞர் ஒருவர் அதை எடுத்துக் கொடுத்தார். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் நாலைந்து இடங்களில் கடன் கேட்டு விண்ணப்பித்தால், அந்த விசாரணைகள் யாவும் பதிவாகிக் குறைவு உண்டாக்கும்.

அறிக்கையில் இருந்தது மைத்துனரின் சரக்கு ஆட்டோக் கடன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர் அதற்கு ஜாமீன் கையெழுத்திட்டிருந்தார். மைத்துனரால் பாதிக்கு மேல் கட்ட இயலவில்லை. கடன் கொடுத்தவர்கள் ஒரு தொகையைத் தள்ளி, மீதியைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்தனர். கடன் தீர்ந்ததென்று குடும்பமே மகிழ்ந்தது. பதிவேட்டிலோ அது "முழுவதும் அடைக்கப்பட்டது" என்றில்லை. "செட்டில்டு" என்று நின்றது. குறைத்துக் கட்டிய கடன் என்பதே அதன் பொருள். அடுத்துக் கடன் கொடுப்பவர் அச்சொல்லைக் கண்டதும் தயங்குவார்.

ஜாமீன் என்பதை நம் மக்கள் உறவுக்குச் செய்யும் மரியாதையாகவே எண்ணுகின்றனர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிடில், கடன்பட்டவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. கையெழுத்திடுமுன், "இத்தொகையை நானே கட்ட நேர்ந்தால் என்னால் இயலுமா?" என்று மனைவியோடு அமர்ந்து கணக்கிடுங்கள். இயலாதெனில் இல்லையென்று சொல்லிவிடுங்கள். சில நாள் மனத்தாங்கல் இருக்கும், இருக்கட்டுமே.

கடன் அட்டை வைத்திருப்போர்க்கு ஒரு சொல். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் தவணை தவறியதாகாது. ஆனால் வட்டி ஏறிக் கடன் கரையாது. புதுநன்மை விருந்துக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு ஓராண்டு அவதியுறும் இல்லங்களை நான் அறிவேன். (பாயசம் நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை.)

தச்சரும் மைத்துனரும் தள்ளப்பட்ட தொகையைப் பங்கிட்டுக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்றனர். பதிவு மாறுமாறு கேட்டு எழுதியும் விரைவில் மாறவில்லை, முறையீடு செய்தனர். முப்பது நாளுக்குள் முறையீடு தீராவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டுமென 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அவ்விதியைக் கடிதத்தில் குறிப்பிட்ட பிறகு, பதிவு திருத்தப்பட்டது.

ஆயினும் மதிப்பெண் ஒரே நாளில் உயர்வதில்லை. முதலாண்டுக் கட்டணம் தாயின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்துக் கட்டப்பட்டது. இரண்டாம் ஆண்டுக்குத்தான் கல்விக் கடன் கிடைத்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை. அதன் வட்டியை மைத்துனர் மாதந்தோறும் தாமே கொண்டுபோய்க் கட்டிவருகிறார்.