இரண்டு வயதுக்கு முன்னே!
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. உயிரியல் படிக்கும் நாமோ, ஐந்து வயதே தாமதம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழக் கால் பங்கு. இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. நரம்புச் செல்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே உள்ளன. அவற்றிற்கிடையே இணைப்புகள் பல்கிப் பெருகுவது அதன் பின்னர்தான். பயன்படும் இணைப்பு வலுப்பெறும், பயன்படாதது மறைந்துவிடும். நீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்து போவதைக் காவிரிக் கரையில் வாழும் நாம் அறியோமா?

இவ்வளர்ச்சிக்கு முதல் தேவை உணவு. இரும்புச் சத்தும் அயோடினும் குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றும். உணவளிப்பதில் நம் மாவட்டத்திற்குத் தனிப் பெருமை உண்டு. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில்தான். அது இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளிலிருந்து தொடங்கிற்று. அதனினும் இளைய குழந்தைகளுக்கு இன்று அங்கன்வாடி வழியாகச் சத்துமாவு வழங்கப்படுகிறது.

வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா? 1980களின் பிற்பகுதியில் ஜமைக்கா நாட்டில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குச் சத்துணவு தரப்பட்டது. சிலரின் வீட்டிற்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுத் தந்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு இரண்டும் இல்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு மிகுந்திருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலைத்த பயன் காணப்படவில்லை.

இது நமக்குப் புதிதன்று. கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டி, சப்பாணி கொட்டச் சொல்லி, அம்புலி காட்டி மகிழ்ந்தவர் பெரியாழ்வார். நம் பாட்டிமார் செய்ததும் அதுவே.

ஆனால் எல்லாத் தாய்க்கும் அதற்கு நேரம் வாய்க்கிறதா? என் தாயார் ஸ்ரீரங்கத்தில் பூக் கட்டுபவர். பள்ளி வாசல் அறியாதவர். கை பூத் தொடுக்க, வாய் ஓயாமல் தூளியிலிருந்த எங்களோடு பேசும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்றால், அந்தப் பேச்சுக்கும் அதில் பங்குண்டு என்று நம்புகிறேன். நடவு வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கும் தாய்க்கு இந்த வாய்ப்பு ஏது? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தும் வீடுகளை நாம் அறிவோம்.

எனவே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று வேலைத்தலங்களின் அருகே காப்பகங்கள் வேண்டும். வாரம் ஒருமுறை வீடு சென்று, பேச்சும் விளையாட்டும் கற்பிக்கத் தனிப் பணியாளர் வேண்டும். அங்கன்வாடி ஊழியரின் தலையிலேயே இதையும் சுமத்துவது முறையாகாது. செலவாகுமே என்பர் சிலர். சத்துணவுக்கும் அன்று அப்படித்தான் சொன்னார்கள்!

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது சாலை செப்பனிடுவதோடு நின்றுவிடாமல், இச்செய்தியையும் வீடுதோறும் சொல்வோம். பாப்பாக்குறிச்சியில் சோற்றுக்கு வழி பிறந்தது. பேச்சுக்கும் நம் மாவட்டத்திலேயே வழி பிறக்கட்டும்!