மெருகும் மெய்ம்மையும்

நுழையும் முன்

போர்க்களத்தைக் கைப்பேசித் திரைக்குள் கொண்டுவரும் விளையாட்டுகள் இன்று இளையோரிடம் பரவலாக வழங்குகின்றன. அவை கண்ணுக்கு அழகாக இருந்தால் போதுமா, உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேம்ப் பகுதியின் பிள்ளைகள்

புனே நகரின் படைக் குடியிருப்புப் பகுதியை மக்கள் ‘கேம்ப்’ என்றே அழைக்கின்றனர். ஆங்கிலேயர் 1817ஆம் ஆண்டில் அமைத்த படைவீடு அது. இந்தியத் தரைப்படையின் தென் மண்டலக் கட்டளைத் தலைமையகம் இந்நகரில்தான் இயங்குகிறது. காலையில் பயிற்சிக்கு விரையும் வீரரையும், மாலையில் பிள்ளையின் கைபிடித்துக் கடைத்தெருவில் நடக்கும் வீரரையும் இங்குள்ள சிறுவர் நாள்தோறும் காண்கின்றனர். வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் தோழியின் தந்தை எல்லையில் காவல் புரிபவராக இருக்கலாம். அதே சிறுவர்கள் பள்ளி முடிந்ததும் கைப்பேசியில் போர் விளையாடுகின்றனர்.

அத்தகைய விளையாட்டுகளுள் சில இந்நகரிலேயே உருவாகின்றன. புனேயைச் சேர்ந்த சூப்பர்கேமிங் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் ‘இண்டஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது கற்பனைக் கோள் ஒன்றில் நிகழ்வது. உண்மைப் போரைக் காட்டுவதாக அது கூறிக்கொள்வதில்லை. இந்நகரின் டாட்நைன் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ஃபௌஜி: டாமினேஷன்’ 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘ஃபௌஜி’ என்னும் இந்திச் சொல்லுக்குப் படைவீரர் என்பது பொருள். வீரரின் பெயரைத் தாங்கிவரும் விளையாட்டு, வீரரின் வாழ்வை எவ்வளவு உண்மையாகக் காட்ட வேண்டும் என்ற வினா கேம்ப் பகுதியில் பிறப்பது இயல்பே.

இரு தரப்பார்

போர் விளையாட்டுகளை விரும்புவோர் இரு தரப்பாராகப் பிரிந்து வழக்காடுவதுண்டு. ஒரு தரப்பார் மெருகை வேண்டுவர். காட்சி தெளிவாக இருத்தல், விரல் அசைந்ததும் வீரன் அசைதல், இடையில் தடங்கலின்றி ஆட்டம் ஓடுதல் ஆகியவையே நல்ல விளையாட்டின் இலக்கணம் என்பது அவர்கள் கருத்து.

மறு தரப்பார் மெய்ம்மையை வேண்டுவர். செக் குடியரசின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட்’, 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்மா 3’ ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவற்றில் வீரன் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். சுமை மிகுந்தால் களைப்படைவான். எங்கிருந்தோ வந்த ஒரே குண்டு அவனை வீழ்த்திவிடும். அசைவுகள் விறைப்பானவை, பிழைகள் மலிந்தவை என்ற குறை அவ்விளையாட்டுகள் மீது நெடுங்காலமாக உண்டு. எனினும், அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி மென்பொருளைப் பல நாட்டுப் படைகள் பயன்படுத்தி வந்துள்ளன.

மெய்ம்மை எங்கே உள்ளது?

இவ்வழக்கில் ஒரு குழப்பம் உண்டு. புல்லின் இதழும் துப்பாக்கியின் கீறலும் தெளிவாகத் தெரிந்தால் அதுவே மெய்ம்மை எனப் பலர் எண்ணுகின்றனர். அது மெருகே அன்றி மெய்ம்மை அன்று.

இதற்கு வரலாறு சான்று கூறும். பிரஷ்ய நாட்டுப் படை அலுவலரான ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டில் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர்ப்பயிற்சி விளையாட்டை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். விரித்த வரைபடம், அதன்மேல் சிறு கட்டைகள், பகடைகள், ஒரு நடுவர் போன்றவையே அதன் கருவிகள். ஆனால், எதிரியின் படை முழுவதும் ஆடுவோர் கண்ணுக்குத் தெரியாது. நடுவர் காட்டும் அளவே தெரியும். விடுத்த கட்டளை உரிய படைக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும். போரில் தலைவனை வருத்தும் ஐயமும் காலத்தாழ்வும் அவ்விளையாட்டில் அப்படியே இடம்பெற்றன. அழகிய படம் ஒன்றுகூட இல்லாத அவ்விளையாட்டைப் பிரஷ்யப் படை தன் அலுவலர்க்குப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது.

விமானிகள் பழகும் பாவனைப் பொறிக்கும் இது பொருந்தும். வெளியே தெரியும் மேகம் சற்று மங்கலாக இருந்தாலும் தீங்கில்லை. எரிபொருள் குறையும் அளவும், பொறி பழுதுபடும்போது விமானம் நடந்துகொள்ளும் முறையும் தவறாக இருந்தால், பழகுபவர் தவறான பழக்கத்தையே கற்றுக்கொள்வார். செயலுக்கு உரிய விளைவைச் சரியாகக் காட்டுவதே மெய்ம்மை.

கல்வான் தந்த பாடம்

2020ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகளிடையே மோதல் மூண்டது. எல்லை உடன்பாடுகள் காரணமாக அங்குத் துப்பாக்கிகள் பயன்படுத்தப்படவில்லை. கடுங்குளிரில் கைகலப்பாகவே மோதல் நிகழ்ந்தது. இந்திய வீரர் இருபதின்மர் உயிர்நீத்தனர். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி. 2021ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

அதே குடியரசு நாளில் ‘ஃபௌஜி’ வரிசையின் முதல் கைப்பேசி விளையாட்டு வெளியாயிற்று. அதன் களம் கல்வான் பள்ளத்தாக்கு. அதில் துப்பாக்கி இல்லை; நடந்த நிகழ்வுக்கு ஏற்பக் கைகலப்பே இருந்தது. இது மெய்ம்மைக்குச் செய்த மரியாதை எனலாம். ஆனால், துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்திருந்த பலர் ஏமாற்றம் அடைந்தனர்; ஒரே வகையான சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்று குறைகூறினர்.

அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அவ்விளையாட்டில் ஒற்றை வீரன் அடுத்தடுத்து வரும் பகைவரை அடித்து வீழ்த்துகிறான். உண்மையில் நடந்ததோ தோளோடு தோள் நின்றவர்கள் தோழரை இழந்த இரவு. ஆயுதத்தில் உண்மையைப் பேணிய விளையாட்டு இழப்பில் அதைப் பேணவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘டாமினேஷன்’ அணியும் அணியும் மோதும் துப்பாக்கி விளையாட்டாக அமைந்தது. வழக்கமான போட்டி விளையாட்டின் மெருகை நோக்கி அவ்வரிசை நகர்ந்தது என்பதையே இது காட்டுகிறது.

காயத்தின் விலை

துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. குண்டடிபட்ட வீரன் சுவர் மறைவில் சிறிது நேரம் நின்றால் போதும். விளையாடுவோர் ‘ஹெல்த்’ எனக் கூறும் உயிராற்றல் தானே நிரம்பிவிடும். மாண்டவனும் சில நொடிகளில் மீண்டும் எழுந்து ஓடுவான். ஆட்டத்தின் விறுவிறுப்புக்கு இது உதவுகிறது. ஆனால், காயம் என்பது சில நொடித் தொல்லை என்ற எண்ணத்தையும் ஓசையின்றி விதைத்துவிடுகிறது.

புனே நகரில் வாழ்வோர்க்கு அவ்வெண்ணம் தவறு என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படைவீரர்க்குச் செயற்கைக் கைகால் பொருத்தும் மையம் இங்கு 1944ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் வீரர்க்கான மறுவாழ்வு மையம் அருகிலுள்ள கட்கியில் உள்ளது. உடலுறுப்பை இழந்த வீரர்க்குத் தொழில் கற்பிக்க 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்ப நிலையமும் கட்கியில்தான் உள்ளது. திரையில் சில நொடிகளில் ஆறும் காயம் இங்கு ஆண்டுக்கணக்கில் ஆறுகிறது. சில வேளை ஆறாமலே வாழ்வாகிவிடுகிறது. தந்தையின் பொய்க்காலைக் கழற்றி வைக்க உதவும் சிறுமியும் அவ்விளையாட்டை ஆடக்கூடும். அவளுக்கு அது எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெருகின் நியாயம்

இதனால் மெருகு வேண்டாத ஒன்று என முடிவுகட்டுதல் பொருந்தாது. விளையாட்டு முதலில் விளையாட்டாக இருத்தல் வேண்டும். பத்து நிமிடத்தில் ஒருவர் சலித்து விட்டுவிட்டால், அது சொல்லவந்த உண்மையும் உடன் போய்விடும். பிழை மலிந்த ஆட்டத்தை ‘இதுவே மெய்ம்மை’ என்று நியாயப்படுத்துதல் உழைப்பில் குறைவைத்தவரின் சாக்கேயாகும். கிரீக்ஸ்ஷ்பீல் விளையாட்டுக்கும் இந்த இடர் நேர்ந்தது. அட்டவணைகளும் விதிகளும் பெருகி ஆட்டம் நகர மறுத்தபோது, வெர்டி டு வெர்னுவா என்னும் பிரஷ்யத் தளபதி 1876ஆம் ஆண்டில் அவற்றைக் குறைத்து, அனுபவம் மிக்க நடுவரின் தீர்ப்புக்கே பெரும்பகுதியை விட்டார். விதிகள் குறைந்தன, ஐயமும் விளைவும் நிலைத்தன. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதை அறிந்து செய்த மாற்றம் அது.

காட்சி மட்டும் உண்மைபோல் ஆவதில் வேறொரு தீமையும் உண்டு. ‘ஆர்மா 3’ விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர்க் காட்சிகள் எனப் பொய்யாகப் பரப்பப்பட்டதால், 2022ஆம் ஆண்டில் அதை உருவாக்கிய நிறுவனமே மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாள்களிலும் கணினி விளையாட்டுக் காட்சிகள் உண்மைச் செய்திபோல் உலவின. வீட்டில் அச்சத்துடன் செய்திக்குக் காத்திருக்கும் படைக் குடும்பத்திற்கு அத்தகைய பொய்க்காட்சி எத்துணைத் துன்பம் தரும் என்பதைக் கேம்ப் பகுதியினர் நன்கு அறிவர்.

முடிவு

மெருகு கண்ணுக்கு உரியது; மெய்ம்மை அறிவுக்கு உரியது. நல்ல விளையாட்டுக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் புல்லின் அழகைக் குறைக்கலாம். காயத்தின் விலையைக் குறைக்கலாகாது. படைவீரரின் பெயரைச் சூடும் விளையாட்டு, ஒரு நடையின் களைப்பையும், ஒரு காத்திருப்பின் சுமையையும், ஒரு தோழனின் இழப்பையும் சிறிதளவேனும் உணர்த்துதல் வேண்டும். அவ்வாறு உணர்த்தும் விளையாட்டை ஆடியெழும் இளைஞர், தெருவில் எதிர்ப்படும் வீரரை முன்னிலும் சற்று மதிப்புடன் நோக்குவர்.

சொல்லும் பொருளும்

மெய்ம்மை – உள்ளது உள்ளபடி இருத்தல்
மெருகு – பளபளப்பு, செப்பம்
படைவீடு – படைகள் தங்கும் இடம்
பாவனைப் பொறி – உண்மைக் கருவிபோல் இயங்கும் பயிற்சிக் கருவி

சிந்தித்து விடை எழுதுக

1. மெருகை விரும்புவோரும் மெய்ம்மையை விரும்புவோரும் கூறும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. அழகிய படங்கள் இல்லாத கிரீக்ஸ்ஷ்பீல் எவ்வாறு மெய்ம்மை உடையதாயிற்று?
3. கல்வானைக் களமாகக் கொண்ட விளையாட்டு எதில் உண்மையைப் பேணியது? எதில் பேணவில்லை?
4. கட்டுரையின் முடிவை ஏற்கிறீர்களா? நீங்கள் அறிந்த விளையாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.